சிவப்பு நூல் கட்டிய அரம்

நீங்கள் காலுறையை ஈரம் காயாமலே போட்டுக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன், சார். காலையில் என்னை விசாரித்துக்கொண்டிருந்தபோது மேசைக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலை மூன்று தடவை தேய்த்தீர்கள். சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வெள்ளையாக ஊறிப்போயிருக்கும், உரித்தால் எரியும். சேற்றுப்புண்தான். சேற்றில் கால் வைக்காதவர்களுக்கும் வரும். குளித்ததும் விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். ஒரே ஷூவைத் தினமும் போடாதீர்கள். அடுத்தவர் விரலைப் பார்த்தே பிழைத்தவள் நான், கண் அங்கேதான் போகிறது.

"நடந்ததை உங்க வார்த்தையிலேயே எழுதிக் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனீர்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறையோடு பேனா பிடிக்க எனக்கு இன்னும் பழகவில்லை. கழற்றிவிட்டு எழுதலாமே என்று கேட்டீர்கள், தொழில் பழக்கம் என்றேன். அது முழு உண்மை இல்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

என் தங்கை கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அரைப் பக்கம்தான். 'இந்த மூலிகைக் களிம்பை ஐந்து வருடத்துக்கு மேல் தடவினேன். நகச்சொத்தை குணமாகவில்லை. இதை நம்பி யாரும் காலத்தைக் கடத்த வேண்டாம்.' கூடவே உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வுக்கூட அறிக்கையையும் காட்டினீர்கள். ஸ்டீராய்டு கலந்திருப்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். இல்லை. பாதரசம் இல்லை. கெடுதல் செய்யும் பொருள் எதுவுமே இல்லை. பூஞ்சையைக் கொல்லும் பொருளும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று அடியில் ஒரு வரி போட்டிருந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோதனைக்குழாய்க்குக் கைராசியைப் பற்றி என்ன தெரியும்.

என்னை உறுத்துவது தங்கையின் கடிதம்தான். அதில் அவள் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு போலிருக்கிறது. நான் தப்பித்துக்கொண்டு, குற்றமே செய்யாத களிம்பின் மேல் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. தேநீர்கூடக் கொடுத்தீர்கள்.

அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். உடம்பில் ஒரு நகக்கீறல் படாமல் அவளை வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இவளை எங்கே விடுவது என்று கேட்டேன், வந்த வழியே போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நகமும் சதையுமாக இருக்கிறார்கள் என்று தெருவில் சொல்வார்கள். அதில் நகம் யார், சதை யார் என்று யாரும் கேட்டதில்லை.

அவள் நர்ஸ் படிப்பு படித்தாள். நான்தான் படிக்க வைத்தேன். படித்தவள் பக்கத்தில் வேலை பார்ப்பாள் என்று நினைத்தேன். ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறையில், வேலை வாங்கிக்கொண்டாள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். நடைபாதையில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அவளை "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டான். கட்டில் கட்டிலாக, கிழவர்கள் முதல் குழந்தைகள் வரை. அவளும் ஒவ்வொருவருக்கும் திரும்பித் திரும்பி "இதோ வர்றேன்" என்றாள். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு உண்மையான சிஸ்டர் நான் ஒருத்திதான். நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

நாலு வருஷம் அப்படிப் போனது. பிறகு நாளெல்லாம் ரப்பர் கையுறைக்குள் வியர்த்து ஊறியதில் வலது கையில் நாலு நகம் கெட்டுப்போயிற்று. மஞ்சளாகி, தடித்து, அடியில் மாவு மாவாக உதிரும். நகச்சொத்தை என்பது அதுதான். நகம் கெட்டவர்கள் ஆபரேஷன் அறைக்குள் போகக் கூடாது. சரியான பிறகு வா என்று லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே பெட்டியை இறக்கினாள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அன்று மனதாரச் சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன்.

"அழாதே. ஆறு மாசத்துல சரியாயிடும்" என்றேன்.

களிம்பு பிறந்தது அவளுக்காகத்தான். அதுவரை என் கடையில் சீயக்காய்த் தூளும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும்தான் விற்றேன். சீமையகத்தி இலையை நசுக்கி, வேப்பெண்ணெயில் இளஞ்சூட்டில் ஊறவைத்து, வடிகட்டி, தேன்மெழுகு போட்டு இறக்குவேன். ஒரு சொட்டைத் தட்டில் விட்டால் ஓடக் கூடாது, உறைந்து கல்லாகவும் கூடாது. அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். கடைசியில் கொஞ்சம் புதினா எண்ணெய். அது நோய்க்கு அல்ல. தடவியதும் குளுகுளுவென்று இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று ஜனங்கள் நம்புவார்கள்.

எட்டு மாதத்தில் அவள் நகங்கள் தேறின. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் மூன்று மாதம் விழுங்கினாள், அது ஒரு மனத்திருப்திக்கு. குணம் கொடுத்தது களிம்பு. அதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டுக்காரி கேட்டாள், அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், மீன் பெட்டிக்கு ஐஸ் சுமக்கிறவர்கள், நாள் முழுக்க பூட்ஸ் கழற்றாத காவலாளிகள், நீச்சல் சொல்லித் தருகிற மாஸ்டர் என்று ஈரத்தில் பிழைப்பவர்கள் எல்லாரும் வந்தார்கள். எனக்குக் களிம்பக்கா என்று பெயர் வந்தது. படர்தாமரை வந்தவன் ஒருவன் இடுப்பைச் சொறிந்துகொண்டே, "இவ்வளவு கெட்ட நோய்க்கு எவ்வளவு நல்ல பேரு வெச்சிருக்காங்க பாருங்கக்கா" என்பான். கடையே சிரிக்கும்.

டப்பாவோடு ஒரு துண்டுப் பிரசுரம் வைத்துக் கொடுப்பேன். எழுதியது நான், மடித்தது தங்கை. அதில் முதல் விதி: 'நோயுள்ள நகத்துக்கு ஓர் அரம், நல்ல நகத்துக்கு ஓர் அரம். இரண்டையும் ஒருபோதும் மாற்றக் கூடாது.' தடித்த நகத்தை அரத்தால் தேய்த்து மெல்லிசாக்கிவிட்டுத்தான் களிம்பு தடவ வேண்டும். தேய்க்கும்போது உதிரும் தூளில் நோய் இருக்கிறது. அந்தத் தூள் அரத்தின் பல்லில் தங்கினால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு இரும்பு அரங்கள் வைத்திருந்தோம். நோய் நகத்துக்கானதன் பிடியில் நான் சிவப்பு நூல் கட்டினேன். மற்றது வெறும் பிடி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு ஜன்னல் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவோம். பேசினில் வெந்நீர், ஒரு பிடி உப்பு. கால் மணி நேரம் அவள் கையை ஊறவைப்பாள். நான் துடைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்து, களிம்பு தடவி, பஞ்சுத் துணி சுற்றுவேன். மொத்தம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அவள் கை என் கையில் இருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் என் கையை உதறிவிட்டு ஓடியவள் அவள். வேறு யாரும் "சிஸ்டர்" என்று கூப்பிடாத ஒரு மணி நேரம் அது. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த மாதிரிக் காகிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஒன்றாம் தேதி வேலைக்கு வரலாம். அவள் அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தாள், தலை வாரும்போது படிக்கலாம் என்று. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, கடைசி தடவையாகத் தேய்த்துவிட உட்கார்ந்தேன். பத்து நகமும் பளிச்சென்று இருந்தன. சும்மா நுனியைச் சீராக்க வேண்டியதுதான். கண்ணில் நீர் திரையிட்டிருந்ததால் எந்த அரத்தை எடுத்தேன் என்று பார்க்கவில்லை. மூன்றாவது நகம் தேய்க்கும்போது விரலில் நூல் தட்டுப்பட்டது.

அந்த முதல் மூன்று நகம் கைப்பிசகு. அதை நீங்கள் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். உடனே சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, துண்டுப் பிரசுரத்தில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நான் நாலாவது நகத்தையும் ஐந்தாவது நகத்தையும் அதே அரத்தால் தேய்த்தேன். பிறகு இடது கையைக் கொடு என்றேன். கொடுத்தாள்.

வேலைக்குப் போனவள் இரண்டு மாதத்தில், அங்கே கொடுத்த புது உடுப்போடு திரும்பி வந்தாள். ஆறு நகத்தின் நுனி மஞ்சளாகியிருந்தது. அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை. அவள் அழுதால் என்னால் தாங்க முடியாது. இந்தத் தடவை அவர்கள் காத்திருக்கவில்லை, அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

"ஆறு மாசத்துல சரியாயிடும்" என்றேன்.

ஆறு மாதம் மூன்று வருஷமானது. மாத்திரை வேண்டாம், ஈரலுக்கு ஆகாது, களிம்பு போதும் என்று நான்தான் சொன்னேன். அந்த மூன்று வருஷமும் நான் அவள் விஷயத்தில் எந்தத் தப்பும் செய்யவில்லை. நோய் நகத்துக்கு நூல் கட்டிய அரம், நல்ல நகத்துக்கு வெறும் அரம், விதிப்படிதான் நடந்தேன். ஆனாலும் தேறவில்லை. நோய் முற்றியிருந்தது என்பதுதான் காரணம், களிம்பு இல்லை.

எங்கள் வீடு மூன்று அறை. முன்னால் கடை, நடுவில் அடுப்பும் மெழுகும் டப்பாக்களும், பின்னால் அவள் அறை. அவள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். அவள் நீட்டுவதில்லை. யார் கண்ணிலும் விரல் படக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள். கதவை முழங்கையால் தள்ளுவாள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிவந்தால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வாள். ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் மடித்தாள். சில மதியங்களில், "அக்கா, எனக்கு மூச்சு முட்டுது" என்பாள். மெழுகு வாசனை அப்படித்தான் இருக்கும், கதவைத் திறந்து வை என்பேன்.

டப்பாவின் மேல் ஒரு படம் இருக்கிறதே, 'முன்' என்று ஒரு கை, 'பின்' என்று ஒரு கை, அதைப் பார்த்திருப்பீர்கள். 'முன்' அவள் கை. 'பின்' என்னுடையது. அக்கா தங்கை என்பதால் விரல் அமைப்பு ஒரே மாதிரி இருக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. என் நகங்கள் அவ்வளவு அழகு, சார். வெள்ளிக்கிழமை காலையில், கடை திறப்பதற்கு முன், அவள் குளிக்கப் போனதும், நூல் கட்டாத நல்ல அரத்தால் என் பத்து நகங்களையும் தேய்த்து எண்ணெய் பூசிக்கொள்வேன். களிம்பக்காவின் நகம் அசிங்கமாக இருந்தால் எவன் களிம்பு வாங்குவான். ஊருக்குத்தான் உபதேசம் என்று இருந்தவள் இல்லை நான்.

அப்புறம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் வந்தார். காலுக்குக் களிம்பு வாங்க வந்தவர், பின்னால் துண்டுப் பிரசுரம் மடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "சிஸ்டர்! நீங்களா?" என்றார். பழைய ஆஸ்பத்திரியில் பழக்கமாம். அந்த வார்த்தையைக் கேட்டு அவள் முகம் எப்படி மாறியது என்று பார்த்தேன். மூன்று வருஷமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அதுவரை அவளை 'டீ' போட்டுத்தான் கூப்பிடுவேன். அன்றைக்கு நானும் ஒருதரம் "சிஸ்டர்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "என்னக்கா கேலி பண்றே" என்று சிரித்தாள்.

அவர் வாரா வாரம் வந்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், "அதெல்லாம் எனக்கு ஒட்டாது. ஒட்டினாத்தான் என்ன, களிம்புக் கடையிலதானே நிக்கிறோம்" என்பார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர்தான் அவளைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். மறுபடி மாத்திரை. ஏழெட்டு மாதத்தில் பத்து நகமும் சுத்தமாகிவிட்டன. களிம்பையும் விடாமல் தடவினாள் என்பதை மறக்கக் கூடாது. அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே இடம் காலி இருந்தது. கல்யாணப் பேச்சையும் எடுத்தார். என்னிடம்தான் முறையாக வந்து கேட்டார், "அக்கா, உங்க சம்மதம் இருந்தாப் போதும்" என்று.

சம்மதம் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு வெந்நீர் வைத்தேன்.

இந்தத் தடவை கை தவறவில்லை. நூல் கட்டிய அரத்தை நான் கொதிநீரில் போடாமலே காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். நாளைக்கு வேண்டும் என்று தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைப்பதில்லையா, அந்த மாதிரி ஒரு பழக்கம். எதற்கு வைத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரியாது. நூல் அவள் கண்ணில் படாமல் பிடியை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். மூன்று ஞாயிறு தேய்த்தேன். நகக்கண் வரைக்கும் போகும்படி ஓரங்களில் கொஞ்சம் அழுத்தினேன். அவளுக்கு வலித்தது. "பொறுத்துக்கோ" என்றேன், பொறுத்துக்கொண்டாள்.

எட்டு நகம் போயிற்று. நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. வராதீர்கள் என்று அவரிடம் சொன்னவள் அவளேதான். "என்கிட்டதான் ஏதோ தப்பு இருக்குக்கா. என் உடம்புதான் சரியில்ல" என்றாள். அவர் வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார். அவர் கேட்ட களிம்பை வாங்க மறந்துவிட்டார்.

இவ்வளவு வரை படித்துவிட்டு என்னைப் பேய் என்று நினைப்பீர்கள். ஒன்று கேட்கிறேன். அவளை நான் அடித்தேனா? பட்டினி போட்டேனா? சாகிற நோயா கொடுத்தேன்? நகம் மட்டும்தான். நகம் வலிக்காத இடம், வெட்டி எறிகிற இடம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். என்னுடையது அதைவிடச் சின்னத் தப்பு, நகத்துக்குத் தகுந்தது.

அவள் மறுபடி அந்தத் தோல் டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறாள். அது பிறகு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் அவள் நகத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "உங்களுக்கு மாத்திரை நல்லாத்தான் கேக்குதும்மா. புது நகம் அடியிலேருந்து சுத்தமா வருது. நோய் நுனியிலயும் ஓரத்துலயும்தான் புதுசா ஏறியிருக்கு. வெளியிலேருந்து திரும்பத் திரும்ப வருது. வீட்டுல உங்க நகத்தை யார் தேய்ச்சு விடறாங்க?"

என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மாத்திரையைத் துண்டுப் பிரசுரக் கட்டுகளுக்கு நடுவில் ஒளித்துவைத்துத் தின்றாள். நகங்கள் மறுபடி தெளிய ஆரம்பித்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. முற்றிய நோயையும் கடைசியில் களிம்பு வென்றுவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடம் அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். பத்தும் சுத்தமானதும், ஒரு ஞாயிறு, நூல் கட்டிய அரத்தை எடுத்தேன்.

நாலு ஞாயிறு தேய்த்தேன். அந்த நாலு ஞாயிறும் அவள் கையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாசம் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் போனது, மூன்று மாதம் போனது. நகத்தில் ஒரு புள்ளி விழவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு காலை, நான் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தபோது, அவள் பெட்டியோடு வந்து எதிரில் நின்றாள். இரண்டு அரங்களையும் மேசைமேல் வைத்தாள்.

"நூலை மாத்திக் கட்டினேன்க்கா" என்றாள்.

நான் கிளறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் களிம்பு திரிதிரியாகிவிடும்.

"நல்ல அரத்தைக் கொதிக்க வெச்சு அதுல சிவப்பு நூலைக் கட்டினேன். அந்தக் கெட்ட அரத்தைக் கழுவாம, நூலை அவுத்துட்டு, நல்லது இருந்த இடத்துல வெச்சேன். நீ விதிப்படி என் நல்ல நகத்துக்கு நூல் கட்டாததை எடுத்திருந்தா என் நகமெல்லாம் கெட்டுப் போயிருக்கும்." நூல் கட்டாத அரத்தை என் பக்கம் நகர்த்தினாள். "கெட்டுப் போகணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா. ஒவ்வொரு நாளும் காலையில எழுந்து நகத்தைத்தான் பார்ப்பேன். ஒரு நகமாவது மஞ்சளாகாதா, எங்கக்கா நல்லவளா இருந்துடக் கூடாதான்னு. ஒண்ணுகூட ஆகலை."

"சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். என் கையுறையைப் பார்த்து, "அடுப்புச் சூட்டுல எதுக்குக்கா கையுறை?" என்று நர்ஸ் மாதிரிக் கேட்டாள். புதுப் பழக்கம் என்றேன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. இத்தனை மாதம் கழித்தும் அந்த மனிதர் காத்திருந்திருக்கிறார். கையைக் கட்டிக்கொள்ளாமல், வீசிக்கொண்டு நடந்து போனாள். இப்போது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சிஸ்டராக இருக்கிறாள் என்று கேள்வி. எனக்கு விலாசம் தெரியாது. உங்கள் புகார்க் கடிதத்தில் இருக்கும்.

நான் செய்ததை இப்போது தெளிவாக எழுதிவிடுகிறேன். என் தங்கையின் நகங்களில் மூன்று முறை நோயை ஏற்றியவள் நான். முதல் முறை பாதி கைப்பிசகு, பாதி வேண்டுமென்றே. இரண்டாவது முறை முழுக்க வேண்டுமென்றே. மூன்றாவது முறையும் அப்படித்தான், பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். இரண்டு அரங்களையும் இந்தக் காகிதத்தோடு வைத்திருக்கிறேன், சோதித்துப் பாருங்கள். ஆகவே களிம்பின் மேல் குற்றம் இல்லை. தயவுசெய்து அந்தப் புகாரைத் தள்ளுபடி செய்து, களிம்பு நல்லது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

கையுறை விஷயத்தைக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் யோசித்தாள், ஒன்றை மறந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போவாள். நூல் கட்டாத அரம் என்னுடையது. நூலை அவள் மாற்றிய பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை போயிருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பத்தில் ஏழு நகம் போய்விட்டன. பேனாவை அழுத்தினால் கட்டைவிரல் நுனி விண் விண்ணென்று வலிக்கிறது. டப்பாவின் மேல் இருக்கும் படத்தைப் புதிதாக அச்சடிக்க வேண்டியதில்லை, அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் இடம் மாற்றினால் போதும்.

அவளை விசாரிக்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். நோயாளியை விட்டுவிட்டுப் போகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்றும் நான் இரண்டு முக்காலி போட்டு வெந்நீர் வைக்கிறேன். டாக்டரிடம் போகச் சொல்வீர்கள். வேண்டாம், மாத்திரை ஈரலுக்கு ஆகாது. பதினோரு மாதமாகத் தினம் இரண்டு வேளை என் களிம்பைத்தான் தடவுகிறேன். நேற்று இன்னொரு நகமும் நுனியில் மஞ்சளாகத் தெரிந்தது, வெளிச்சம் அப்படிக் காட்டியிருக்கும். ஆறு மாதத்தில் சரியாகிவிடும்.